வாசகர் கேள்வி – பதில்: முப்பது டாலர் சம்பளமும் காட்டு முகாமும்

கேள்வி: சென்ற ஆண்டு மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, வர்ஜீனியாவிலுள்ள ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே மேல்சட்டை இல்லாமல் கோடரியுடன் நிற்கும் ஓர் இளைஞனின் சிலை இருக்கிறது. மலைமுகட்டிலேயே ஓடும் ‘ஸ்கைலைன் டிரைவ்’ சாலையை 1930-களில் வேலையற்ற இளைஞர்கள் போட்டதாக மருமகன் சொன்னார். யார் அவர்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி)

பதில்: அவர்கள் ‘சிவிலியன் கன்சர்வேஷன் கோர்’ என்ற வனப்பணிப் படையின் இளைஞர்கள். அமெரிக்கர்கள் சுருக்கமாக ‘சி.சி.சி.’ என்பார்கள். 1929-இல் பங்குச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து வந்த பெருமந்தத்தில், 1933-ஆம் ஆண்டு தொடங்கும்போது அந்நாட்டின் உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. பள்ளியை விட்டு வந்த பையன்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. அனுபவமுள்ள தகப்பனுக்கே வேலை கிடைக்காத ஊரில், அனுபவமே இல்லாத மகனை யார் கூப்பிடப் போகிறார்கள்? வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று சரக்கு ரயில்களில் திருட்டுத்தனமாக ஏறி ஊர் ஊராகத் திரிந்த சிறுவர்களும் இளைஞர்களும் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

மார்ச் 4-ஆம் தேதி குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அந்த மாதம் 31-ஆம் தேதியே இதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 7-இல் முதல் இளைஞர் சேர்க்கப்பட்டார். ஏப்ரல் 17-இல் வர்ஜீனியாவின் ஜார்ஜ் வாஷிங்டன் தேசிய வனத்தில் முதல் முகாம் திறக்கப்பட்டது. ஜூலைத் தொடக்கத்திற்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் இருந்தார்கள். அரசு அலுவலகங்களின் வேகத்தை நன்கறிந்த நமக்கு இந்தத் தேதிகள் சற்றுப் பொறாமையையே தரும்.

தங்கள் மருமகன் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். ஸ்கைலைன் டிரைவின் சாலைத்தளத்தை அமைத்தவர்கள் ஒப்பந்தக்காரர்கள். சாலைக்கு இருபுறமும் சரிவுகளைச் சீர்செய்தது, கைப்பிடிச் சுவர்களைக் கட்டியது, மரங்களையும் புதர்ச்செடிகளையும் நட்டது, நோய் கண்டு பட்டுப்போன செஸ்ட்நட் மரங்களை வெட்டி அப்புறப்படுத்தியது ஆகியவைதாம் இந்த இளைஞர்களின் வேலை. பூங்காவுக்காக வெளியேற்றப்பட்ட மலைவாழ் குடும்பங்களின் வீடுகளைப் பிரித்துப் போட்டதும் இவர்களே. சிலையின் அருகே நிற்கும்போது அதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சம்பளம் மாதம் 30 டாலர் என்றும், அதில் 25 டாலரை அரசே பிடித்துக்கொண்டது என்றும் படித்தேன். இது நியாயமா? (வாசகர், சிவகாசி)

பதில்: பிடித்துக்கொள்ளவில்லை; வீட்டுக்கு அனுப்பியது. இந்தத் திட்டத்தைப் புரிந்துகொள்ள அந்த 25 டாலரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. பொதுவாக எல்லோரும் இந்த இளைஞர்கள் நட்ட மரங்களின் கணக்கிலிருந்து தொடங்குகிறார்கள்.

தொடக்கத்தில் 18 முதல் 25 வயது வரையுள்ள, மணமாகாத, வேலையற்ற, உடல்தகுதியுள்ள இளைஞர்களே சேர்க்கப்பட்டார்கள். வயது வரம்பு பின்னர் சிலமுறை மாற்றப்பட்டது. பெரும்பாலும் நிவாரண உதவி பெறும் குடும்பங்களிலிருந்தே ஆள் எடுத்தார்கள். பட்டியலைத் தயாரித்தவை உள்ளூர் நிவாரண அலுவலகங்கள். ஆக, தேர்ந்தெடுக்கப்பட்டது வெறும் பையன் அல்ல, அவன் பின்னால் இருந்த குடும்பமும்தான். மாதம் பிறந்ததும் 22 முதல் 25 டாலர் வரை தாய்க்கோ தகப்பனுக்கோ நேரே போய்ச் சேர்ந்தது. அக்காலத்தில் அது வீட்டு வாடகைக்கும் மளிகைக்கடை பாக்கிக்கும் ஈடுகொடுக்கும் தொகை. தம்பி தங்கைகள் பள்ளியை விடாமல் இருந்ததற்கு இந்தக் காசோலையே காரணமான வீடுகள் பல உண்டு.

மீதி ஐந்து முதல் எட்டு டாலர் அவன் கைச்செலவுக்கு. உணவு, உடை, தங்குமிடம், மருத்துவம் அனைத்தும் முகாமின் பொறுப்பு என்பதால், அந்தப் பணம் கான்டீனில் சிகரெட்டுக்கும் மிட்டாய்க்கும், சனிக்கிழமை மாலை பக்கத்து ஊரில் சினிமாவுக்கும் நடன அரங்குக்கும் போயிற்று. குழுத்தலைவனாக உயர்ந்தவனுக்கு 45 டாலரும், துணைத்தலைவனுக்கு 36 டாலரும் கிடைத்தன.

நியாயமா என்ற தங்கள் கேள்வியை அன்றைக்கே தொழிற்சங்கங்கள் எழுப்பின. நாளுக்கு ஒரு டாலர் என்பது நாட்டின் கூலியையே கீழே இழுத்துவிடும் என்றும், ராணுவத்தின் கையில் முகாம்களை ஒப்படைப்பதில் பாசிச நெடி அடிக்கிறது என்றும் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் வில்லியம் கிரீன் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். ரூஸ்வெல்ட் இதற்குக் கண்டுபிடித்த மாற்று மருந்து மிகச் சாமர்த்தியமானது: இயந்திரத் தொழிலாளர் சங்கத்தின் துணைத்தலைவராக இருந்த ராபர்ட் ஃபெக்னரையே படையின் இயக்குநராக நியமித்துவிட்டார்.

கேள்வி: முகாமில் ஓர் இளைஞனின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: முதலில் அவன் எங்கே கொண்டுபோகப்பட்டான் என்பதைச் சொல்ல வேண்டும். வேலையற்ற இளைஞர்கள் மிகுந்திருந்தது கிழக்கு மாகாணங்களின் நகரங்களில். காடுகளும் அரசு நிலங்களும் மிகுந்திருந்தது மேற்கே. எனவே நியூயார்க்கின் அடுக்குமாடிச் சந்துகளைத் தவிர வேறெதையும் பார்த்திராத பையன், உறுதிமொழி எடுத்து, ராணுவ நிலையமொன்றில் உடற்பரிசோதனை முடித்து, டைபாய்டுக்கும் அம்மைக்கும் ஊசி போட்டுக்கொண்டு, சில நாள் ரயில் பயணத்துக்குப் பின் ஐடஹோவின் மலைக்காட்டில் இறக்கிவிடப்படுவான். முதல் ஆண்டில் பல இடங்களில் கூடாரங்கள்தாம். பின்னர் மரப்பலகையால் நீண்ட கொட்டகைகள் எழுந்தன; ஒன்றில் 40 அல்லது 50 கட்டில்கள், குளிருக்கு நடுவே இரும்புக் கணப்பு அடுப்பு. ஒரு முகாமில் சுமார் 200 பேர். சாப்பாட்டுக் கூடம், குளியலறை, கழிப்பிடம், சிறு மருத்துவ அறை, பொழுதுபோக்குக் கூடம் என்று அது ஒரு குட்டி ஊராகவே இருந்தது.

காலை ஆறு மணிக்கு ஊதுகுழல் ஒலிக்கும். உடற்பயிற்சி, காலைச் சாப்பாடு, கட்டில் விரிப்பைச் சுருக்கமின்றி மடித்துக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்குதல், அதிகாரியின் மேற்பார்வை ஆகியவை முடிந்து எட்டு மணிக்குள் லாரிகள் புறப்பட்டுவிடும். இங்கே ஓர் எல்லைக்கோடு இருந்தது. முகாமுக்குள் இருக்கும்வரை அவன் ராணுவ அதிகாரியின் பொறுப்பு. லாரியில் ஏறி வேலையிடத்துக்குப் போனபின் வனத்துறை அல்லது பூங்காத்துறை மேற்பார்வையாளரின் பொறுப்பு. இரண்டு எசமானர்களுக்கும் இடையே உரசல்கள் வந்ததுண்டு.

வேலை என்பது உடல் நோகும் வேலை. கன்றுகள் நடுதல், பாறை உடைத்தல், இரண்டு பேர் இருபுறமும் நின்று இழுக்கும் ரம்பத்தால் மரம் அறுத்தல், மண் அரிக்கும் ஓடைகளில் தடுப்பணை கட்டுதல், தொலைபேசிக் கம்பி இழுத்தல், தீ கண்காணிக்கும் கோபுரங்கள் எழுப்புதல். வெண்பைன் மரங்களைத் தாக்கிய துரு நோய் ‘கூஸ்பெரி’ போன்ற சிலவகைப் புதர்களின் வழியாகப் பரவியதால், மலை மலையாக வரிசைகட்டி நடந்து அந்தப் புதர்களை வேரோடு பிடுங்கிய குழுக்களும் உண்டு. நகரத்துப் பையன்களுக்குக் கோடரி பிடிக்கக்கூடத் தெரியாது என்பதால், சுற்றுவட்டாரத்தில் காட்டுவேலை தெரிந்த பெரியவர்களை முகாம்தோறும் தனியாக நியமித்தார்கள். வெளியூர் ஆட்கள் வந்து நம் வேலையைப் பறிக்கிறார்களே என்ற உள்ளூர்க்காரர்களின் முணுமுணுப்பை அடக்கவும் இந்த நியமனம் உதவியது.

பகல் உணவு பெரும்பாலும் வேலையிடத்துக்கே வந்துவிடும். மாலை நான்கு மணியளவில் திரும்பி, குளித்து, சீருடை மாற்றி, கொடியிறக்க அணிவகுப்பில் நின்றபின் இரவுச் சாப்பாடு. அந்தச் சீருடை முதல் உலகப் போரில் மிஞ்சிப்போன ராணுவ உடை. பலருக்கு அளவும் பொருந்தவில்லை. ரூஸ்வெல்ட்டுக்கே அதன் தோற்றம் பிடிக்காமல், 1930-களின் இறுதியில் கரும்பச்சைச் சீருடை ஒன்று வடிவமைக்கப்பட்டது. பத்து மணிக்கு விளக்கணைப்பு. வாரத்தில் ஐந்து நாள், நாற்பது மணி நேரம் வேலை.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறைச்சி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், ரொட்டி, காபி: ருசியைப் பற்றிக் குறைசொன்னவர்கள் உண்டு, அளவைப் பற்றிக் குறைசொன்னவர்கள் குறைவு. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுவது பலருக்கு வாழ்க்கையில் அதுவே முதல்முறை. 1933 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஷெனாண்டோவா முகாம்களைப் பார்வையிட்டு ‘பிக் மெடோஸ்’ என்ற இடத்தில் பையன்களுடன் அமர்ந்து மதிய உணவு உண்ட ரூஸ்வெல்ட், நீங்கள் சராசரியாகப் பன்னிரண்டு பவுண்டு எடை கூடியிருக்கிறீர்களாம், நானோ பன்னிரண்டு பவுண்டு குறைக்கப் பாடுபடுகிறேன் என்று வேடிக்கையாகப் பேசினார்.

புதியவர்களைச் சீண்டுவது எந்த விடுதியிலும் நடப்பதுதான். இல்லாத கருவியொன்றின் பெயரைச் சொல்லி, அதை வாங்கிவா என்று இருட்டில் முகாம் முழுக்க அலையவிடுவார்கள். சிரித்துக்கொண்டு தாங்கியவன் இரண்டு வாரத்தில் கூட்டாளியானான். தாங்காதவர்களும், வீட்டு நினைப்பில் தூக்கம் வராதவர்களும் சொல்லாமல் கிளம்பிப் போனார்கள். இப்படி நடுவில் விட்டுப் போனவர்களின் விகிதம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடவே செய்தது. முகாம் வாழ்க்கையை ஒரே இனிப்பாகச் சொல்லும் நினைவுக் கட்டுரைகளில் இவர்கள் வருவதில்லை, ஏனெனில் எழுதியவர்கள் தங்கியவர்களே.

கேள்வி: ராணுவ அதிகாரிகள் நடத்தினார்கள் என்றால், துப்பாக்கிப் பயிற்சியும் உண்டா? (வாசகர், வேலூர்)

பதில்: இல்லை. நாடு முழுவதும் லட்சக்கணக்கானோரை ஏற்றி இறக்கி, உண்ணவும் உறங்கவும் வசதி செய்யும் ஆற்றல் அப்போது ராணுவத்துக்கு மட்டுமே இருந்தது. அதற்காகவே அது அழைக்கப்பட்டது. போர் நெருங்கிய 1940-41-இல்கூட ஆயுதமற்ற பயிற்சியே சேர்க்கப்பட்டது. ஆனால் ராணுவம் பெற்ற லாபம் பெரிது. பிற்காலத்தில் போர்க்காலத் தலைமைத் தளபதியான ஜார்ஜ் மார்ஷல் உட்படப் பல அதிகாரிகள், கட்டாயத்துக்குக் கட்டுப்படாத இளைஞர்களை எப்படி நடத்துவது என்பதை இந்த முகாம்களில்தான் கற்றார்கள்.

கேள்வி: கறுப்பின இளைஞர்களும் சமமாக நடத்தப்பட்டார்களா? பெண்களுக்கு இடம் இருந்ததா? (வழக்கறிஞர், மதுரை)

பதில்: சட்டத்தில் சமம்; முகாமில் இல்லை. அன்றைய அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒரே கறுப்பின உறுப்பினரான, இல்லினாய் மாகாணத்தைச் சேர்ந்த ஆஸ்கர் டி பிரீஸ்ட், இனம், நிறம், சமயம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்ற வாசகத்தைச் சட்டத்துக்குள் சேர்க்கவைத்தார். அப்படியிருந்தும் ஜார்ஜியா மாகாண அதிகாரிகள் தொடக்கத்தில் கறுப்பின இளைஞர்களைச் சேர்க்கவே மறுத்தார்கள். மாகாணத்துக்குரிய மொத்த ஒதுக்கீட்டையும் நிறுத்திவிடுவோம் என்று தொழிலாளர் துறை எச்சரித்த பின்னரே வழிக்கு வந்தார்கள்.

பாகுபாடு கூடாது என்றால் பிரித்துவைக்கக் கூடாது என்று பொருளல்ல என்பது ஃபெக்னரின் வாதம். தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர், ஆயினும் டென்னசியில் பிறந்து ஜார்ஜியாவில் வளர்ந்த அவருக்குத் தென்மாகாணங்களின் இனப்பிரிவினைப் பழக்கம் விடவில்லை. 1935 ஜூலையில் அவர் முகாம்களை முற்றிலுமாக இனவாரியாகப் பிரிக்க ஆணையிட்டார். கறுப்பினத்தவரின் எண்ணிக்கை, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கான பத்து விழுக்காட்டை ஒட்டியே நிறுத்தப்பட்டது. வேலையின்மை அவர்களிடையே இன்னும் கடுமையாக இருந்ததை எண்ணிப் பார்த்தால், அந்தப் பத்து விழுக்காடு சமநீதி ஆகாது. அவர்களின் முகாம்களையும் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளே நடத்தினார்கள்; கெட்டிஸ்பர்க் போர்க்களத்தைப் பராமரித்த முகாமைக் கறுப்பின அதிகாரிகளிடம் ஒப்படைத்தது அரிய விதிவிலக்கு. மொத்தத்தில் சுமார் இரண்டு லட்சம் கறுப்பின இளைஞர்கள் சேவை செய்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போன 25 டாலரில் மட்டும் எந்தக் குறைவும் இல்லை. அதனால்தான் அவமதிப்புக்கு நடுவிலும் இடம் கேட்டு வரிசையில் நின்றார்கள்.

அமெரிக்கப் பூர்வகுடியினருக்குத் தனிப்பிரிவு இருந்தது. அவர்கள் பெரும்பாலும் தங்கள் நிலப்பகுதியிலேயே, தங்கள் குடும்பத்தோடு இருந்தபடி வேலை செய்தார்கள். வேலையற்ற முதல் உலகப் போர் வீரர்களுக்கும், வயது வரம்பின்றித் தனி முகாம்கள் திறக்கப்பட்டன. பெண்களுக்கு இந்தப் படையில் இடமே இல்லை. குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டின் முயற்சியால் 1933-இல் நியூயார்க்கின் ‘பேர் மவுன்டன்’ பகுதியில் பெண்களுக்கென்று தனியாக ஒரு முகாம் தொடங்கி, அதன்பின் வேறு சிலவும் வந்தன. 1937-இல் மூடப்படும்வரை அவற்றால் பயன்பெற்ற பெண்கள் ஏறத்தாழ 8,500 பேர். ஆண்கள் கணக்கு முப்பது லட்சத்தை நெருங்குகிறது.

கேள்வி: 300 கோடி மரங்கள் நட்டார்களாமே! இன்றைய சூழலியல் அறிவின்படி அந்த வேலைகள் எல்லாம் சரிதானா? (இயற்கை ஆர்வலர், கோவை)

பதில்: ஏறக்குறைய அத்தனை மரங்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. ஆனால் எல்லாம் சரியல்ல. தென்மாகாணங்களில் மண்ணரிப்பைத் தடுக்க ‘குட்ஸு’ என்ற ஜப்பானியக் கொடியைப் பெருமளவில் நட்டார்கள். அது மண்ணைப் பிடித்துக்கொண்டது உண்மை. பிறகு மரங்களையும் வேலிகளையும் கைவிடப்பட்ட வீடுகளையும் மூடிப் படர்ந்துவிட்டது. 1933-இல் தென்மேற்கில் இந்த முகாம்களின் மண்ணரிப்புத் தடுப்புப் பணிகளை மேற்பார்வை செய்த சூழலியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட், மறு ஆண்டே தம் மனக்குறையை எழுதினார்: ஒரு குழு ஓடையில் மீன்கள் பெருகட்டும் என்று தடுப்புகள் அமைத்துக்கொண்டிருக்க, இன்னொரு குழு அதே ஓடையின் களிமண் கரையை வெட்டிச் சாலை போட்டு, தண்ணீர் என்றைக்கும் கலங்கிக் கிடக்கும்படி செய்துகொண்டிருந்தது. ஆள்பலமும் பணமும் ஒருசேரக் கிடைத்தால் சாலை போடத் தோன்றும் என்பது எல்லா அரசுகளுக்கும் உள்ள வியாதி. காட்டுக்குள் இப்படிச் சாலைகள் நுழைவதை எதிர்த்தே, அவரும் வேறு சிலரும் 1935-இல் ‘வில்டர்னஸ் சொசைட்டி’யைத் தொடங்கினார்கள்.

காட்டுத்தீயைப் பற்றியும் இன்றைய பார்வை மாறிவிட்டது. எந்தத் தீயையும் உடனே அணைக்க வேண்டும் என்ற அன்றைய கொள்கை, இந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்ததால்தான் நடைமுறைக்கு வந்தது; சிறு தீயில் எரிந்திருக்க வேண்டிய சருகும் விறகும் பல பத்தாண்டுகள் சேர்ந்து, பின்னாளில் பெருந்தீக்கு இரையாயின. அந்தக் கொள்கைக்கு உயிரும் விலையாயிற்று. 1937 ஆகஸ்டில் வயோமிங்கின் ஷோஷோனி தேசிய வனத்தில் ‘பிளாக்வாட்டர்’ தீயை அணைக்கச் சென்றபோது, திடீரென்று காற்றுத் திசைமாறி 15 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் டெக்சஸ் மாகாணத்திலிருந்து வந்த முகாம் இளைஞர்கள். மலைக்காட்டுத் தீயின் போக்கை அறிந்திருக்க அவர்களுக்கு வாய்ப்பே இருந்ததில்லை.

கேள்வி: வேலை தவிர, படிப்பு ஏதாவது சொல்லிக் கொடுத்தார்களா? (ஆசிரியர், விருதுநகர்)

பதில்: 1934 முதல் முகாம்தோறும் கல்வி ஆலோசகர் ஒருவர் இருந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், விருப்பமுள்ளவர்களுக்கு எழுத்தறிவு முதல் தட்டச்சு, மோட்டார் பழுதுபார்ப்பு வரை வகுப்புகள் நடந்தன. சுமார் 40,000 பேர் முகாமில்தான் எழுதப் படிக்கக் கற்றார்கள். அதுவரை தோழனிடம் சொல்லி எழுதவைத்த கடிதத்தை அவர்கள் தம் கையாலேயே அம்மாவுக்கு எழுதினார்கள்.

கேள்வி: பசுமைப் புரட்சியின் நார்மன் போர்லாக்கும் இந்த முகாமில் இருந்தவரா? (வேளாண் மாணவி, தஞ்சாவூர்)

பதில்: ஆம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்துக்கொண்டிருந்த அவர், படிப்புச் செலவுக்காக 1935-இல் இந்தப் படையில் குழுத்தலைவராக வேலை பார்த்தார். தம் கீழே வேலைக்கு வந்தவர்களில் பலர் பட்டினியால் வாடிப்போய் வந்ததையும், சில நாள் முறையான உணவு அவர்களின் நடையையும் பேச்சையுமே மாற்றிவிட்டதையும், அது தம் மனத்தில் ஆறாத வடுவாகத் தங்கிவிட்டதையும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிற்பாடு அவர் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டைரகக் கோதுமையை, கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் இந்திய வயல்களுக்குக் கொண்டுவந்த கதை தாங்கள் பாடத்தில் படித்ததுதான்.

கேள்வி: இவ்வளவு பயனுள்ள திட்டத்தை ஏன் நிறுத்தினார்கள்? முகாம்கள் இப்போது உள்ளனவா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: யாரும் இதை ஒழிக்க வேண்டும் என்று பெரிதாகக் கொடிபிடிக்கவில்லை. 1935-இல் ஐந்து லட்சம் இளைஞர்களுடன் உச்சத்தில் இருந்தபோதே இதை நிரந்தரமாக்க ரூஸ்வெல்ட் விரும்பினார். 1937-இல் நாடாளுமன்றம் ஆயுளை நீட்டிக்க மட்டும் சம்மதித்தது; நிவாரணத் திட்டம் நிரந்தரமாவதில் அதற்கு விருப்பமில்லை. ஐரோப்பியப் போரினால் ஆயுதத் தொழிற்சாலைகள் ஆள்தேடத் தொடங்கியதும், 30 டாலருக்குக் காட்டுக்குப் போக இளைஞர்கள் முன்வரவில்லை. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் எஞ்சியவர்களும் படையில் சேர்ந்தார்கள். 1942 ஜூனில் நாடாளுமன்றம் பணம் ஒதுக்க மறுத்தது, அத்துடன் முடிந்தது.

காலியான கொட்டகைகளுக்கு வேறு குடிகள் வந்தார்கள். சிலவற்றில் ஜெர்மானியப் போர்க்கைதிகளும், சிலவற்றில் மனச்சாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்களும் தங்கவைக்கப்பட்டார்கள். யூட்டா மாகாணத்தில் மோவாப் ஊரருகே இருந்த முகாமில், போர்க்காலத் தடுப்பு முகாம்களில் ‘தொல்லை கொடுப்பவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை 1943-இல் அடைத்துவைத்தார்கள். பெரும்பாலான கொட்டகைகள் பிரிக்கப்பட்டுவிட்டன. அந்த இளைஞர்களின் கைவேலையை இன்று பார்க்க விரும்புவோர், டென்வர் அருகே அவர்கள் கட்டிய ‘ரெட் ராக்ஸ்’ திறந்தவெளி அரங்குக்குப் போகலாம். அங்கே இன்றும் கச்சேரிகள் நடக்கின்றன.